தோலுக்கடியில் நின்றுபோன வெளிச்சம்

என் அக்காவின் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். காசிமேட்டில் அந்த வேலைக்குத் தனி மரியாதை உண்டு. படகு யாருடையதாக இருந்தாலும், கடலுக்குள் போய்விட்டால் டிரைவர் சொல்வதுதான் சட்டம். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நாள் காலை, கரையேற்றி வைத்திருந்த படகின் அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த பிரஷ் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. வெயிலில் மயங்கிவிட்டார் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். ஆட்டோவில் ஏற்றும்போதுதான் வாய் ஒரு பக்கமாக இழுத்திருப்பதைப் பார்த்தார்களாம்.

உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் செயலற்றுப் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது: "இல்ல."

"சோறு துன்றியா?" என்று அக்கா கேட்டால் "இல்ல" என்பார். தட்டை முன்னால் வைத்தால் இடது கையால் சாப்பிடுவார். "தூக்கம் வருதா?" "இல்ல." சொல்லி முடிப்பதற்குள் கண் சொருகும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம், அக்கா அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "நான் யாரு? என்னப் பாத்துச் சொல்லு, நான் யாரு?" என்று கேட்டாள். அதற்கும் அதே பதில்தான். அன்று மட்டும் அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். பேச வராதது வேறு, பேசுவது புரியாதது வேறு. இவருக்கு மூளையின் இடது பக்கம் பெரிதாக அடிபட்டிருக்கிறது, எவ்வளவு புரிகிறது என்று இப்போதைக்குச் சொல்வதற்கில்லை, போகப்போகத்தான் தெரியும் என்றார். அது எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் "ஒன்னும் புரியாதாம்" என்று சுருங்கிவிட்டது.

கல்மண்டபம் பக்கம் அக்காவின் வீடு. கதவைத் திறந்தால் நேராகச் சந்து. மாமாவை வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பாள். அவரோடு கடலுக்குப் போனவர்கள் வருவார்கள். ஆனால் வாசலிலேயே நின்று, அவர் தலைக்கு மேலாக அக்காவிடம் கேட்பார்கள்: "எப்டி கீறாரு? நல்லா துன்றாரா? ராத்திரி தூங்குறாரா?" கேட்டுவிட்டு, தர்மசங்கடமாகச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பதில் வராத ஒருவரிடம் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். "இன்னா மாமா" என்பேன். அதற்குமேல் ஓடாது. அவரும் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் ஏதாவது இருக்கிறதா, நானாகப் படித்துக்கொள்கிறேனா என்று யோசித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு வருவேன்.

அக்கா மட்டும் பேசிக்கொண்டே இருப்பாள். மீன் ஆயும்போது, துணி மடிக்கும்போது, அவர் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது. வஞ்சிரம் என்ன விலைக்குப் போயிற்று, எதிர்வீட்டில் யார் யாரோடு சண்டை, மெட்ரோ தண்ணீர் ஏன் வரவில்லை, எல்லாம். மாமாவின் அண்ணன் ஒருமுறை அவளிடம் நேராகவே சொன்னார்: "ஏம்மா வாய் வலிக்கப் பேசிகினு கீறே? செவுத்தாண்ட பேசுறதும் இவனாண்ட பேசுறதும் ஒன்னுதான்."  அவர் போனபிறகு அக்கா மாமாவிடம்தான் சொன்னாள், "பாத்தியா உங்க அண்ணன் பேச்ச."

நான் அப்போது நகரத்தின் தெற்குக் கோடியில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். மருத்துவக் கருவிப் பொறியியல் படித்தவள். எங்கள் வேலை, நெற்றியில் பட்டைபோலக் கட்டும் ஒரு கருவியைப் பற்றியது. அதில் வரிசையாகச் சின்ன விளக்குகளும், வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் உணரிகளும் இருக்கும். சிவப்புக்கும் அப்பாற்பட்ட வெளிச்சம் என்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. டார்ச் லைட்டை உள்ளங்கையால் மூடினால் விரலெல்லாம் சிவப்பாகத் தெரியும் அல்லவா, அதுபோலத் தோலையும் எலும்பையும் தாண்டிப் போய், மூளையின் மேற்பரப்பைத் தொட்டு, அதில் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும். மூளையில் ஒரு இடம் வேலை செய்தால் அங்கே புதிய ரத்தம் கூடும். ரத்தம் கூடினால் திரும்பும் வெளிச்சத்தின் அளவு மாறும். கணினி அதைக் கோடுகளாக வரையும். ஆக்சிஜனோடு வரும் ரத்தத்துக்குச் சிவப்புக் கோடு, ஆக்சிஜனைக் கொடுத்துவிட்ட ரத்தத்துக்கு நீலக் கோடு.

பெரிய ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க முடியாதவர்களுக்கு இது உதவும் என்பது எங்கள் பேராசிரியையின் நம்பிக்கை. திருவொற்றியூரில் பக்கவாதம் வந்தவர்களுக்கான ஒரு பயிற்சி மையத்தில் வாரத்தில் சில நாட்கள் ஒரு அறையைக் கேட்டு வாங்கியிருந்தார். அங்கே வருகிறவர்களில் சம்மதித்தவர்களின் நெற்றியில் பட்டையைக் கட்டி, பேச்சுக் குரலையும் வெறும் சத்தத்தையும் கேட்க வைத்துப் பதிவு செய்தோம். மாமாவும் அதே மையத்துக்குத்தான் கால் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். அக்கா என்னிடம் கேட்டாள்.

"எல்லாருக்கும் பாக்குறியே, உங்க மாமாவுக்குப் பாத்தா இன்னாடி?"

மேடத்திடம் சொன்னேன். சொந்தக்காரர் என்பதால் யோசித்தார். "கட்டிவிடும்போது நீங்க கூட இருங்க, அவருக்குப் பழகின முகம். கோடுகளோட கணக்கை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

அன்று மாமாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, விபூதி பூசி அழைத்துவந்திருந்தாள் அக்கா. பட்டையைக் கட்ட நான் விபூதியைத் துடைக்க வேண்டியிருந்தது. முன்முடி கொட்டி ஏறிய நெற்றி, வருஷக்கணக்கில் உப்பும் வெயிலும் பட்டுக் கறுத்து வரிவரியாக இருந்தது. பட்டை இறுக்கமாக உட்கார்ந்தது. முதலில் யாரோ ஒரு பெண்ணின் குரல் பதிவு ஓடியது. பிறகு வெறும் இரைச்சல். பிறகு வீட்டு ஆள் நேரில் பேச வேண்டும். அக்கா அவர் எதிரே ஸ்டூலில் குந்தினாள். என்ன பேசுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"யோவ், நம்ம போட்டத் தண்ணில எறக்கிட்டாங்க" என்று ஆரம்பித்தாள். "நீ அடிச்ச பெயின்ட்டு அப்டியே கீது. பாதி நீ அடிச்சது, பாதி அவனுங்க அடிச்சது. நீ அடிச்ச பக்கம்தான் நல்லா கீது."

சிவப்புக் கோடு ஏறியது. சாதாரணமாக இந்தக் கோடுகள் புழு நெளிவது மாதிரி இருக்கும். அதில் எது ஏற்றம் எது இறக்கம் என்று கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்று ஏறியது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. மெல்லக் குன்றுபோல ஏறி, அவள் பேசும்வரை நின்று, அவள் நிறுத்தியதும் இறங்கியது. மறுபடி பேசச் சொன்னோம். மறுபடி ஏறியது.

அக்காவின் முகம் திரைக்குத் திரும்பியது. "அது இன்னாடி ஏறுது?"

"ரத்த ஓட்டம்க்கா."

"நான் பேசுனா ஏறுதா?"

"பொறுக்கா. இத இன்னும் கணக்குப் பாக்கணும். இப்பவே ஒன்னும் சொல்ல முடியாது."

அவள் காதில் அது விழவில்லை. மாமாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குப் புரிது. உனக்கு எல்லாம் புரிது. நான்தான் சொன்னேன்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மேடமும் அவளிடம் தனியாக, இது முதல் பார்வைதான், முடிவு இல்லை என்று சொன்னார். "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றாள். ஆனால் அவர்கள் ஏறிய ஷேர் ஆட்டோ கல்மண்டபத்தை அடைவதற்குள், கூட வந்த ஆட்களுக்கெல்லாம் சொல்லி முடித்திருப்பாள் என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிறு நான் போனபோது தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது.

வீட்டு வாசலில் நான் பார்த்ததுதான் இதையெல்லாம் எழுத வைத்தது. மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அவருடைய தோஸ்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரே படகில் நெடுங்காலம் ஒன்றாகப் போனவர், இன்ஜின் பார்ப்பவர். முன்பெல்லாம் அவரும் வாசலில் நின்று அக்காவிடம் விசாரித்துவிட்டுப் போகிறவர்தான். இப்போது மாமாவின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"மச்சி, புது டிரைவர் ஒன்னும் தேற மாட்டான். காத்து திரும்புனது தெரியாம வலைய வுட்டான் பாரு, எல்லாம் சிக்கிகிச்சி. நீ இருந்தா வுட்டிருப்பியா?"

"இல்ல" என்றார் மாமா.

தோஸ்து தொடையைத் தட்டிச் சிரித்தார். "அதான மச்சி! வுட மாட்ட நீ."

அவர் மட்டுமில்லை. மூன்று நான்கு பேர் முறை வைத்துக்கொண்டதுபோல மாலையில் வந்தார்கள். எவ்வளவு மீன், எந்தப் பக்கம் போனது, யார் வலை அறுந்தது என்று சொன்னார்கள். மாமாவின் அண்ணன்கூட வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, தம்பியின் தோளில் கையை வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். மாமாவுக்குத் தினமும் சவரம் செய்துவிட ஆரம்பித்திருந்தாள் அக்கா. "ஆளுங்க வராங்கல்ல, அசிங்கமா கீது" என்றாள். மாலையானால் அவர் தலை சந்து முனைப் பக்கம் திரும்பிவிடும் என்றாள்.

அந்த வாரத்தில்தான் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டு மாமாவின் கோடுகளை விரித்துக் காட்டினார்.

"இது உங்களுக்கு ரொம்ப அழகா இருக்குன்னு தோணலையா?" என்று கேட்டார்.

பார்த்தேன். பட்டையில் இருந்த எல்லா இடங்களிலும் அதே குன்று. நெற்றியின் நடுவில், வலது ஓரத்தில், இடது ஓரத்தில், எல்லாமே ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கியிருந்தன. பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் மூளை அப்படி நெற்றி முழுக்க ஒரே மாதிரி பொங்காது. சிவப்பு ஏறினால் நீலம் கொஞ்சம் இறங்க வேண்டும். இங்கே நீலம் அசையவே இல்லை. பிறகு மேடம் ஆஸ்பத்திரி ஸ்கேன் படத்தைப் பக்கத்தில் வைத்தார். இடது பக்கத்தில் ரத்தம் போகாமல் செத்துப்போன பகுதி படத்தில் கறுப்பாகத் தெரிந்தது. பட்டையின் இடது ஓரம் சரியாக அதற்கு மேலேதான் இருந்தது. செத்த இடத்துக்கு மேலேயும் குன்று அதே உயரத்தில் ஏறியிருந்தது.

"அங்க ஏற ஒன்னுமே இல்லையே" என்றேன்.

"மூளைல இல்ல. மேல இருக்கு" என்று தன் நெற்றியை விரலால் தொட்டார்.

பாடத்தில் படித்ததுதான். மூளைக்குப் போகிற வெளிச்சம் முதலில் தோலைத் தாண்டியாக வேண்டும். திரும்பும்போதும் தோலைத் தாண்டித்தான் வர வேண்டும். பாதிக்கு மேல் வெளிச்சம் எலும்புக்குள் போகாமலேயே, தோலுக்கடியில் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். நெற்றித் தோலில் ரத்தக் குழாய்கள் ஏராளம். பயந்தால், வெட்கப்பட்டால், கோபம் வந்தால், நெஞ்சு வேகமாக அடித்தால் அங்கே ரத்தம் கூடும் அல்லது குறையும். உணரிக்கு அது தோல் ரத்தமா மூளை ரத்தமா என்று தெரியாது. வந்த வெளிச்சத்தைத்தான் அது எண்ணும். படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியிருந்தேன். ஆனால் என் அக்கா எதிரே அமர்ந்து பேசி, என் கண் முன்னால் கோடு ஏறியபோது, அது மூளை இல்லாமல் வேறெதுவாகவும் இருக்கக்கூடும் என்று நான் நினைக்கவே விரும்பவில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் பட்டையை நானே கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எதையும் யோசிக்காமல் மூச்சை மட்டும் பிடித்தேன். கோடு ஏறியது. காலை இறுக்கி நீட்டினேன். ஏறியது. பக்கத்து மேசையில் இருந்தவரை, சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவது சத்தம் போடச் சொல்லியிருந்தேன். அவர் இரும்புத் தட்டு ஒன்றைத் தரையில் போட்டார். அழகான குன்று ஒன்று வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது கீழே இறங்கவே நேரம் பிடித்தது. என் கலக்கத்தையும் அது சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

இதற்கு வழி உண்டு. விளக்குக்கு மிகப் பக்கத்திலேயே இன்னொரு உணரியை வைக்க வேண்டும். இடைவெளி குறைவாக இருந்தால் அதற்கு வரும் வெளிச்சம் தோலோடு திரும்பிவிடும். எலும்பைத் தாண்டாது. அப்படி வெறும் தோலின் கதையை மட்டும் தனியாக வாங்கி, தூர உணரி சொல்லும் கதையிலிருந்து கழித்துவிட்டால், மிஞ்சுவதுதான் மூளையினுடையது. அந்தச் சிறு உணரிகளுக்கு ஏற்கெனவே ஆர்டர் கொடுத்திருந்தோம். வந்து சேர்ந்ததும், முன்பு பதிவு செய்த எல்லோரையும் மறுபடி கூப்பிட்டார் மேடம்.

அக்கா இரண்டாவது முறையும் அதே வெள்ளைச் சட்டையைப் போட்டு அழைத்துவந்தாள். இந்த முறை அவளிடம் நிறையச் சொல்ல இருந்தது. யார் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று மாமாவுக்கே சொல்லிக் காட்டினாள். திரையில் குன்று ஏறியது. பக்கத்தில், தோலை மட்டும் பார்க்கும் உணரியிலும் அதே குன்று, அச்சு எடுத்ததுபோல. பதிவின் நடுவே யாரோ வெளிக்கதவை அறைந்து சாத்தினார்கள். அதற்கும் ஏறியது. சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. அதற்கும்.

கழித்துப் பார்த்தபோது மிஞ்சியது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியாத சின்ன நெளிவு.  மாமாவுடையது மட்டுமல்ல, நாங்கள் கொண்டாடிய பல படங்கள் அந்த வாரத்தில் தட்டையாகிப் போயின. "அவருக்குப் புரியலன்னு இது சொல்லல" என்றார் மேடம் என்னிடம். "இந்தக் கருவி வழியா நமக்குத் தெரியலன்னு மட்டும்தான் சொல்லுது. வீட்ல சொல்லும்போது இந்த வித்தியாசத்தை விடாம சொல்லுங்க. நான் வந்து சொல்லட்டுமா?"

நானே சொல்கிறேன் என்றேன்.

அக்கா வீட்டுக்குப் போகும் ரயிலில் என்னென்ன வார்த்தைகளில் சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடியே வந்தேன். ராயபுரத்தில் இறங்கும்போது அவற்றில் ஒன்றும் பிடித்தமாக இல்லை. ஞாயிறு மதியம். அக்கா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமா நாற்காலியில் இருந்தார்.

"உள்ள வாக்கா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

"இங்கியே சொல்லு. இவரத் தள்ளி வெச்சி இன்னா ரகசியம்?"

மாமாவைப் பார்த்தேன். அவர் எதிரில் அவரைப் பற்றி இதைச் சொல்வதா? அவருக்குப் புரியாது என்றால் சொன்னால் ஒன்றுமில்லை. புரியும் என்றால், அவருக்குத் தெரியாமல் பேசுவது அதைவிடப் பெரிய அவமானம். பக்கத்தில் உட்கார்ந்து, இருவருக்கும் சேர்த்தே சொன்னேன். வெளிச்சம் எப்படித் தோலோடு நின்றுவிட்டது, புதிய உணரி எதைக் காட்டியது, எல்லாம். அக்காவின் கை மீனிலிருந்து எடுபடவில்லை. தலையைக் கிள்ளி, குடலை உருவி, சட்டியில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்போ மிசினு பொய் சொல்லிச்சா?"

"மிசின் பொய் சொல்லலக்கா. அது தோல்ல ஓடுன ரத்தத்தப் பாத்துது. நாங்க அத மூளைன்னு நெனச்சிட்டோம்."

"தோலோ மூளையோ, நான் பேசுனப்போ ஏறிச்சா இல்லியா? எனக்காவத்தான ஏறிச்சி?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த மதியம் நல்லபடியாகப் போயிருக்கும். அவள் கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான். ஆனால் அதுவும் எனக்குத் தெரியாத ஒன்று.

"யாரோ கதவ அறைஞ்சாங்கக்கா. அதுக்கும் அதே மாரி ஏறிச்சி."

அவள் கை நின்றது.  பிறகு, "தெரு முழுக்கச் சொல்லிட்டேன்டி" என்றாள் மெதுவாக. "அவங்கல்லாம் வந்துகினு கீறாங்க. இப்போ போயி இன்னான்னு சொல்றது? நீ யாராண்டயும் சொல்லாத. உன்னக் கும்பிட்டுக் கேக்குறேன்."

"நானா போயி யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். யாராவது கேட்டா பொய் சொல்ல வராதுக்கா."

"படிச்சிட்டல்ல" என்றாள். அன்றிலிருந்து என்னோடு நேராகப் பேசுவதை விட்டுவிட்டாள். மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல" என்றார் ஒருமுறை. எதற்கு என்று தெரியவில்லை.

கேட்டவர் அந்த இன்ஜின் தோஸ்துதான். சில நாட்கள் கழித்து பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் மாமாவுக்கு வாங்கிய வறுகடலைப் பொட்டலம் இருந்தது.

"பாப்பா, அந்த மிசின்ல மறுபடி பாத்தீங்களாமே. இன்னா தெரிஞ்சிச்சி? இன்னும் நல்லாத் தெரிஞ்சிச்சா?"

சொன்னேன். முடிந்தவரை மேடம் சொன்ன வித்தியாசத்தோடு சொன்னேன். அவருக்குப் புரியவில்லை என்றும் சொல்ல முடியாது, புரிகிறது என்றும் சொல்ல முடியாது, எங்களுக்குத்தான் கண்டுபிடிக்க வரவில்லை என்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். 

"என் சம்சாரம் போனப்போ நான் யாராண்டயும் அழுதது இல்ல" என்றார் திடீரென்று. "போன வாரம் அவன்கிட்ட குந்திகினு எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவன் கேட்டுகினு இருந்தான்னு நெனச்சேன்."

 "கேட்டிருக்கலாம் அண்ணே" என்றேன். "கேக்கலன்னு யாரும் சொல்லல."

"கேட்டிருக்கலாம்" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "நீயே அவனாண்ட குத்துடு பாப்பா" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தார்.

அந்த வாரம் அவர் வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். இவர் சொல்லித்தான் நின்றார்களா, கடல் வேலை கூடியதால் நின்றார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மாலையில் மாமாவின் தலை சந்து முனைப் பக்கம் திரும்பியே இருக்கும் என்று அக்கா சொன்னாள். அதை என்னிடம் சொல்லவில்லை. நான் இருக்கும்போது சுவரைப் பார்த்துச் சொன்னாள். உண்மையைச் சொல்வதற்கு இவ்வளவு விலை இருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. ஒரு தவறான கோடு அந்த வாசலுக்கு நாலு பேரைக் கூட்டி வந்தது. சரியான கோடு அவர்களைத் திருப்பி அனுப்பியது. ஆய்வுக்கூடத்தில் இதை யாரிடமாவது சொல்லலாம் என்றால், அதற்கு எந்தப் படத்திலும் இடமில்லை.

பயிற்சி மையத்தில் பேச்சுப் பயிற்சிக்கென்று ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். சின்னப் பெண்தான், சத்தமே இல்லாமல் பேசுவார். மாமாவை அவரிடம் அழைத்துப் போகச் சொன்னேன். அக்கா முதலில், மாமாவைப் பார்த்தபடியே மறுத்தாள். "இன்னொரு மிசினா? வேணாம் தாயே." மிசின் எதுவும் இல்லை, படம் காட்டுவார்கள் என்று சொல்லி நானே கூட்டிப்போனேன்.

மேசையில் சில படங்களைப் பரப்பினார் அந்தப் பெண். மீன், செருப்பு, குடை, டம்ளர். "குடையைக் காட்டுங்க" என்றார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நாங்கள் யாரும் அவ்வளவு நேரம் மாமாவுக்காகக் காத்திருந்ததில்லை. கேட்டவுடன் பதில் வரவில்லை என்றால் அடுத்ததைக் கேட்டுவிடுவோம், இல்லையென்றால் நாங்களே பதில் சொல்லிவிடுவோம். அந்தப் பெண் சும்மா இருந்தார். மாமாவின் இடது கை மேசைமேல் ஏறியது, தடுமாறியது, செருப்புக்குப் போனது, திரும்பியது, குடைமேல் நின்றது. அடுத்தது தவறிப்போனது. அதற்கடுத்தது சரி. நீளமாகச் சொன்னால் தவறியது, ஒற்றைச் சொல்லாக, நிதானமாகச் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருந்தது.

"கொஞ்சம் புரியுது. எல்லாம் இல்ல" என்றார் அந்தப் பெண். "வேகமா பேசினா விட்டுடறார். மெதுவா, சின்னச் சின்னதா பேசுங்க. இன்னும் கூடும்."

"ஆளுங்க வந்து பேசுனதால கூடுச்சா?" என்று அக்கா கேட்டாள். என் பக்கம் பார்க்காமல் கேட்டாள்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஆனா பேசறது நல்லதுதான்."

வெளியே வந்ததும் அக்கா, பயிற்சியால் ஓரளவு நிற்கப் பழகியிருந்த மாமாவைச் சுவரோரம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.  பிறகு, "ஒரு டீ சொல்லுடி" என்றாள். அவ்வளவு நாள் கழித்து அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. நன்னாரி விற்கிற கடைக்குப் பக்கத்தில் நின்று மூவரும் டீ குடித்தோம்.

மேடம் எங்கள் அறிக்கையில் இரண்டு படங்களையும் போட்டார். தோலைக் கழிப்பதற்கு முன், கழித்த பின். கூட்டம் ஒன்றில் அதைக் காட்டியபோது, முதல் படத்தைப் பார்த்து அரங்கில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்ததையும், இரண்டாவதைப் பார்த்ததும் சாய்ந்துகொண்டதையும் கவனித்தேன். அந்த முதல் படத்தின் ரத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது பொய்யான ரத்தம் இல்லை. ஒரு மனிதரின் நெற்றியில் உண்மையாகவே ஏறிய ரத்தம். கதவுச் சத்தத்துக்கும் ஏறும், மனைவியின் குரலுக்கும் ஏறும். நாங்கள் தேடிப்போனது அது இல்லை என்பதால் அதைக் கழித்துவிட்டோம். கழிக்க வேண்டியதுதான். ஆனாலும் கழித்துப் போடும் அந்த நிரல் வரியைக் கணினியில் எழுதும் ஒவ்வொரு முறையும் என் விரல் கொஞ்சம் தயங்கும்.

தோஸ்து திரும்பி வந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். யாரும் அழைக்கவில்லை. ஒருநாள் மாலை வந்து, ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாராம். படம் காட்டிய கதையை அக்கா ஆவலோடு சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். அவர் பாதியிலேயே கையமர்த்தி, "அது இருக்கட்டும்மா. வூட்ல தனியா குந்திகினு நான் இன்னா பண்ணப் போறேன்" என்றாராம். மற்றவர்கள் முன்புபோல வரவில்லை. இவர் மட்டும் வருகிறார்.

சென்ற ஞாயிறு நான் போனபோது வாசலில் ஒரே சத்தம். சங்கரா மீன் குழம்பில் அக்கா புளியை அதிகமாகப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. மாமா தட்டை இடது கையால் தள்ளிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"துன்ன மாட்டியா? துன்னாம போ. மெதுவா பேசணுமாம், சின்னச் சின்னதா பேசணுமாம். வேகமாத்தான்யா பேசுவேன். இன்னா பண்ணுவ?"

தோஸ்து ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, வேறெங்கோ பார்ப்பதுபோல பாவனை செய்து, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்ததும், "பாருடி, உங்க மாமாவுக்குக் கோவத்த" என்றாள். அவள் குரலில் கோபம் உண்மையாகவே இருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சிந்திய குழம்பைத் துடைக்கத் துணி தேடி உள்ளே போனேன்.